யூனியனா, ஸ்ட்ரக்சரா, பாயின்டரா: 2048 பைட்டுக்குள் எடுத்த ஒரு முடிவு

ஏடிமெகா328பி என்ற சில்லில், நிரல் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகமான எஸ்ரேம் மொத்தமே 2048 பைட். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையில் இருப்பதும் இதே சில்லுதான். இதை வைத்து, வண்டியில் பொருத்தும் ஒரு பதிவுக் கருவிக்கு நிரல் எழுத உட்கார்ந்தபோதுதான் சி மொழியின் யூனியனை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தேன். அதுவரை அது எனக்கு "ஸ்ட்ரக்சருக்கும் யூனியனுக்கும் உள்ள வேறுபாடு யாது?" என்ற இரண்டு மதிப்பெண் கேள்வி மட்டுமே.

கருவி செய்ய வேண்டிய வேலை எளிது. நான்கு வகை நிகழ்வுகள் வரும். பொத்தானை அழுத்தினால் எந்தப் பொத்தான் என்று ஒரு பைட். வெப்பநிலை என்றால் ஃப்ளோட் என்ற தசம எண், 4 பைட். இருப்பிடம் என்றால் அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் ஆளுக்கொரு 32 பிட் முழு எண், ஆக 8 பைட். பாகையை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக வைத்திருந்தோம். நான்காவது, 20 எழுத்துச் செய்தி. ஒவ்வொரு நிகழ்வுக்கும் இவை தவிர ஒரு பைட் வகைக்குறியும் 4 பைட் நேரமும் உண்டு. இப்படி 64 நிகழ்வுகள் வரிசையில் நின்று, சீரியல் வழியாக ஒவ்வொன்றாக வெளியேற வேண்டும்.

முதலில் யாருக்கும் தோன்றுவது, பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஸ்ட்ரக்சர். எல்லா உறுப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவிட்டால் ஒரு நிகழ்வுக்கு 1, 4, 1, 4, 8, 20 என்று கூட்டி 38 பைட். அறுபத்து நான்கால் பெருக்கினால் 2432. சில்லில் இருப்பதே 2048 என்பதால் கதை அங்கேயே முடிந்தது. முடியாமல் இருந்திருந்தால் நான் ஸ்ட்ரக்சரோடு நின்றிருப்பேன். மடிக்கணினியில் ஓடும் நிரலில் நிகழ்வுக்குச் சில பைட்டுகள் வீணானால் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அங்கே யூனியனைத் தேடிப் போகிறவர், பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இருபது ரூபாய் ஆட்டோவில் போகிறவர்தான்.

யூனியன் எப்படி வேலை செய்கிறது? ஸ்ட்ரக்சரில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனி இடம் உண்டு. யூனியனில் எல்லா உறுப்புகளும் ஒரே முகவரியில் தொடங்குகின்றன. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு வீட்டார், நாளை வேறு வீட்டார், மண்டபம் ஒன்றுதான். மண்டபத்தின் அளவு, அங்கே நடக்கப்போகும் மிகப்பெரிய கல்யாணத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். யூனியனின் அளவும் அதன் மிகப்பெரிய உறுப்பின் அளவுக்குக் குறையாது.

சில நேரம் அதைவிடக் கூடும். 9 எழுத்து கொண்ட ஓர் அணியும் (அரே) டபிள் என்ற 8 பைட் தசம எண் ஒன்றும் சேர்ந்த யூனியனை வழக்கமான 64 பிட் கணினியில் அளந்தால் 9 வராது, 16 வரும். டபிள் 8-இன் மடங்கில் உள்ள முகவரியில்தான் உட்கார வேண்டும் என்பதால் கம்பைலர் மொத்த அளவையும் 8-இன் மடங்குக்கு உயர்த்திவிடுகிறது. என் சில்லின் குடும்பமான ஏவிஆரில் இந்தக் கெடுபிடி இல்லை. எதையும் எங்கும் வைக்கலாம். ஆகவே என் கணக்கில் இட்டு நிரப்பும் பைட்டுகள் கிடையாது. இதே ஸ்ட்ரக்சரை மடிக்கணினியில் கம்பைல் செய்தால் 38 என்பது 44 ஆகிவிடும். ஓரிடத்தில் அளந்த அளவை இன்னோரிடத்துக்குச் சுமந்து போகக் கூடாது.

நான்கு வகைகளையும் யூனியனுக்குள் போட்டு, வகைக்குறியையும் நேரத்தையும் வெளியே வைத்தேன். 1, 4, 20: மொத்தம் 25 பைட். அறுபத்து நான்குக்கு 1600. மிச்சம் 448 பைட். ஃபங்ஷன்கள் பயன்படுத்தும் ஸ்டாக்குக்கும் சீரியல் இடையகங்களுக்கும் அது நெருக்கடிதான், ஆனாலும் ஓடியது.

ஓடியது என்பதை இரண்டு நாள்தான் சொல்ல முடிந்தது. மூன்றாம் நாள் பதிவில் ஒரு வரி, வண்டி அட்சரேகை 77.478, தீர்க்கரேகை 77.478-இல் நிற்பதாகச் சொன்னது. தீர்க்கரேகையை மட்டும் பார்த்தால் சந்தேகமே வராது. தேனி நகரமும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் இருக்கிறது. அட்சரேகைதான் காட்டிக்கொடுத்தது. 77 பாகை வடக்கு என்றால் ஆர்க்டிக் பெருங்கடல்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. கருவி தொடங்கும்போது இருபது புள்ளிகளை ஒரு செய்தியாக அனுப்பும். பதிவில் ஒரு கோடு போட்டதுபோல் இருக்கட்டும் என்று நானே வைத்தது. புள்ளியின் எழுத்து எண் 46. நான்கு புள்ளிகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தை 32 பிட் முழு எண்ணாகப் படித்தால் 774778414. ஒரு கோடியால் வகுத்தால் 77.4778414. ஆக, பழைய செய்தி கிடந்த இடத்தை யாரோ இருப்பிடமாகப் படித்திருக்கிறார்கள். அந்த யாரோ, ஓடும் நிரலை இடையில் நிறுத்திவிட்டுத் தன் வேலையைச் செய்யும் டைமர் இன்டரப்ட். என் நிரல் வகைக்குறியை "இருப்பிடம்" என்று மாற்றிவிட்டு அதன் பிறகு எண்களை எழுதியது. இரண்டுக்கும் நடுவில் இன்டரப்ட் புகுந்து, மண்டபத்தின் பெயர்ப்பலகையில் புதுப் பெயரையும் உள்ளே பழைய கூட்டத்தையும் பார்த்துவிட்டது. வரிசையை மாற்றி முதலில் எண்களை எழுதினாலும் தீராது. அப்போது பழைய பெயரில் புதிய எண்கள் தெரியும். இரண்டையும் எழுதி முடிக்கும்வரை இன்டரப்டை நிறுத்திவைப்பதுதான் வழி.

ஒப்பீட்டில் நான் அதிகம் எடை கொடுக்கும் வேறுபாடு இதுதான். இதே பிழை ஸ்ட்ரக்சரிலும் நடக்கும். ஆனால் அங்கே இருப்பிட உறுப்பில் முந்தைய இருப்பிடமோ சுழியமோ இருந்திருக்கும். பழைய தரவானாலும் இனம் மாறாது. யூனியனில் பிழை நேர்ந்தால் வேறு இனத்துப் பைட்டுகள் வேடம் போட்டுக்கொண்டு வருகின்றன. சில வேளை 77.478 தீர்க்கரேகை போல நம்பும்படியான வேடம். பைட்டுகளை மிச்சப்படுத்தும் யூனியன், எந்த உறுப்பு இப்போது செல்லும் என்ற நினைவை நிரலாளர் தலையில் வைத்துவிடுகிறது.

யூனியன் என்ற எண்ணத்தின் ஊற்றாகிய ஆல்கால் 68 மொழியில் இந்தச் சுமை நிரலாளருக்கு இல்லை. உள்ளே எந்த வகை இருக்கிறது என்பதை மொழியே நினைவில் வைத்திருந்தது. வகையைக் கேட்டுத்தான் உள்ளே போக முடியும். சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிட்ச்சி அதில் ஆல்கால் 68-இன் தாக்கம் உண்டு என்று சொல்லியிருக்கிறார், யூனியனையும் சேர்த்து. ஆனால் சிக்கு வந்து சேர்ந்தது மண்டபம் மட்டும். வாசலில் பெயர்ப்பலகை மாட்டும் வேலை நமக்கு. ரஸ்ட் மொழியின் ஈனம் (enum) என்ற வகை அந்தப் பலகையை மீண்டும் மொழியின் பொறுப்பாக்கியிருக்கிறது.

ஆகவே யூனியன் வேண்டுமா என்று யோசிக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி: வகைக்குறி எங்கே இருக்கிறது? யூனியனுக்குப் பக்கத்திலேயே, அதே ஸ்ட்ரக்சருக்குள் இருக்கிறது என்றால் நல்லது. "இந்த ஃபங்ஷனுக்கு வரும்போது அது எப்போதும் எண்ணாகத்தான் இருக்கும்" என்ற பதில் வந்தால், வகைக்குறி யாரோ ஒருவர் தலைக்குள் இருக்கிறது என்று பொருள். பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்க உதவும் லினக்ஸின் ஈபோல் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. ஒரு சாக்கெட்டை, அதாவது வலை இணைப்பின் முனையை, பதிவு செய்யும்போது கூடவே ஒரு யூனியனைக் கொடுக்கிறோம்: பாயின்டர் (நினைவக முகவரி), கோப்பு எண், 32 பிட் எண், 64 பிட் எண், இந்த நான்கில் ஒன்று. லினக்ஸின் மையமான கெர்னல் அதைத் திறந்து பார்ப்பதில்லை; கொடுத்த பிட்டுகளை அப்படியே திருப்பித் தருகிறது. வகைக்குறி எங்கும் இல்லை. புதிதாக எழுதுகிறவர்கள் காதுகொடுக்கும் சாக்கெட்டைக் கோப்பு எண்ணாகவும் வாடிக்கையாளர் இணைப்புகளைப் பாயின்டராகவும் பதிந்துவிட்டு, திரும்பி வந்தது எது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே பிடித்துக்கொள்வதுதான் அங்கே வழி.

வகைக்குறி இருந்தாலும் அதைப் பார்க்க மறப்பது மனித இயல்பு. ஸ்விட்ச் கட்டளையில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிளை எழுதுங்கள், டீஃபால்ட் கிளையை எழுதாதீர்கள். வகைக்குறி ஈனமாக (enum, பெயரிட்ட எண்களின் பட்டியல்) இருந்தால், டபிள்யூ-ஆல் (-Wall) எச்சரிக்கைகளோடு கம்பைல் செய்யும்போது, விட்டுப்போன வகையை ஜிசிசி கம்பைலர் பெயர் சொல்லிக் காட்டும். டீஃபால்ட் இருந்தால் வாயை மூடிக்கொள்ளும். ஒரு பைட்டை மிச்சப்படுத்த வகைக்குறியைச் சிறிய எண்ணாக வைத்தவர்கள், ஸ்விட்ச்சுக்குள் நுழையும் இடத்தில் ஈனமாக மாற்றிக்கொண்டால் போதும்.

பாயின்டர் வழி

நிகழ்வுக்குள் வகைக்குறியும் எந்த வகையையும் காட்டக்கூடிய ஒரு வாய்ட் பாயின்டரும் மட்டும் வைத்து, உள்ளடக்கத்துக்கான இடத்தை, ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்கும் மால்லாக்கில் எடுப்பது இன்னொரு வழி. உறுப்புகளின் அளவு மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால் இது சரி. ஒரு வகை 4 பைட், இன்னொரு வகை 4096 பைட் என்றால் யூனியன் ஒவ்வொரு 4 பைட்டுக்கும் 4096-ஐ ஒதுக்கும்; யாரும் அதைச் செய்யமாட்டார்கள். சிறிய உறுப்புகளுக்கோ பாயின்டர் வழி நட்டம். 64 பிட் லினக்ஸில் ஜிலிப்சி என்ற சி நூலகத்திடம் ஒரே ஒரு பைட் கேட்டாலும் அது 32 பைட் துண்டு ஒன்றை எடுத்துவைக்கிறது. பாயின்டருக்கு 8 பைட் தனி. போதாக்குறைக்கு, விடுவிப்பது யார் பொறுப்பு என்ற தீராத வழக்கு. 2048 பைட் சில்லில் மால்லாக்கை ஓடவிட்டு இடம் துண்டுதுண்டாகச் சிதறுவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இந்த வழியை ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டேன்.

வகைக்கொரு தனி அணி வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நிகழ்வுகள் வந்த வரிசை முக்கியம் இல்லையென்றால் அருமையான வழி. எனக்கு முக்கியம்.

லுவாவும் பைத்தானும்

தலைப்பகுதியை மட்டும் பொதுவாக வைத்து, உடலைத் தனித்தனி ஸ்ட்ரக்சர்களாக எழுதும் வழிதான் யூனியனுக்கு உண்மையான போட்டி. இரண்டு புகழ்பெற்ற மொழிகள் இரண்டு பக்கம் நிற்கின்றன. இரண்டின் இயக்கிகளும் சியில் எழுதப்பட்டவை.

லுவாவில் ஒரு மதிப்பு என்பது ஒரு யூனியனும் பக்கத்தில் ஒரு வகைக்குறியும். யூனியனுக்குள் முழு எண், டபிள், பாயின்டர் ஆகியவை இடம் பகிர்கின்றன. 64 பிட் கணினியில் மொத்தம் 16 பைட். எண்ணைப் போன்ற சிறிய மதிப்பு அந்த 16 பைட்டுக்குள்ளேயே வாழ்கிறது. அதற்காக நினைவகத்தில் தனியாக எதையும் எடுக்க வேண்டியதில்லை. லுவாஜிட் இதையும் தாண்டிப் போய், டபிளில் எண் அல்லாத மதிப்புகளுக்கென்று கிடக்கும் பிட்டுகளுக்குள் வகைக்குறியை ஒளித்து 8 பைட்டுக்குச் சுருக்கியது. படித்து வியக்கலாம், அலுவலக நிரலில் செய்ய வேண்டாம்.

சிபைத்தான் எதிர்த்திசையில் போனது. ஒவ்வொரு பொருளும், எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையோடும் வகையைக் காட்டும் ஒரு பாயின்டரோடும் தொடங்குகிறது. வழக்கமான 64 பிட் கட்டமைப்பில் அந்தத் தலை மட்டுமே 16 பைட். 1 என்ற எண்ணின் அளவை பைத்தானிடமே கேட்டால் 28 என்று சொல்லும். நினைவகக் கணக்கில் லுவா வென்றது.

ஆனால் சிபைத்தான் வாங்கியது வேறு ஒரு பொருள். நம்பை என்ற பைத்தான் கணக்கு நூலகத்தை எழுதுகிறவர் தன் அணி வகையை மைய நிரலில் ஒரு வரிகூட மாற்றாமல் சேர்க்க முடிகிறது. தலை சரியாக இருந்தால் உடல் எதுவாகவும் இருக்கலாம். யூனியன் அப்படிப் புதியவர்களைச் சேர்க்காது. அதன் உறுப்பினர் பட்டியல் கம்பைல் செய்யும்போதே மூடப்பட்டுவிடுகிறது. புதிதாக ஒன்றைச் சேர்த்து அது இருப்பதிலேயே பெரியதாகிவிட்டால் யூனியனின் அளவே மாறும். பழைய அளவோடு கம்பைல் ஆன நூலகங்கள் எல்லாம் பிசகும். எக்ஸ்11 சாளர அமைப்பை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து, தங்கள் நிகழ்வு யூனியனில் 24 லாங் எண்கள் கொண்ட வெற்று உறுப்பு ஒன்றைச் செருகிவைத்தார்கள். 64 பிட்டில் அது 192 பைட். நாளை வரப்போகும் பெரிய குடும்பத்துக்காக இன்றே பெரிய மண்டபம்.

இரண்டும் கலந்த இடமும் உண்டு. சாக்கெட் முகவரிகள் பொதுவான தலைப்பகுதி வைக்கும் முறையில் எழுதப்பட்டவை. லினக்ஸில் ஐபிவி4 முகவரிக்கு 16 பைட், ஐபிவி6 முகவரிக்கு 28. பதினாறு பைட் இடத்தை ஒதுக்கிவிட்டு ஐபிவி6 முகவரியை வாங்கப்போனால் பாதி முகவரிதான் கைக்கு வரும். இரண்டையும் ஒரு யூனியனுக்குள் போட்டுவிட்டால் பெரியதற்கு ஏற்ற இடம் தானாகவே கிடைக்கும். முகவரிக் குடும்பத்தைக் குறிக்கும் உறுப்பே வகைக்குறியாகிவிடும். அந்த ஓர் இடத்தில் யூனியனை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன்.

பிட்டுகளை வேறு கண்ணால் பார்க்க

இதுவரை பேசியது இட மிச்சம். யூனியனை வேறொன்றுக்கும் பயன்படுத்துகிறார்கள்: ஃப்ளோட்டாக எழுதி முழு எண்ணாகப் படிப்பது. 1.0 என்று எழுதி அதே இடத்தை 32 பிட் எண்ணாகப் படித்தால் 1065353216 வரும். ஃப்ளோட்டின் உள்கட்டமைப்பைப் பார்க்க வேண்டியவர்களுக்கு இது தேவை.

இது அனுமதிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. 1989-இன் சி தரநிலை, கடைசியாக எழுதாத உறுப்பைப் படித்தால் விளைவு கம்பைலரைப் பொறுத்தது என்றது. 1999 தரநிலைக்கு 2007-இல் வந்த திருத்தம், அந்தப் பைட்டுகள் புதிய வகையின்படி பொருள் கொள்ளப்படும் என்று அடிக்குறிப்பில் தெளிவாக்கியது. ஆகவே சியில் செய்யலாம். சி++-இல் கூடாது, அங்கே அது வரையறுக்கப்படாத நடத்தை. இரண்டு மொழிகளிலும் கம்பைல் ஆக வேண்டிய தலைப்புக் கோப்பில் இந்த வித்தையைச் செய்கிறவர், தெரியாமலே சி++ பக்கத்தில் பள்ளம் தோண்டுகிறார்.

ஃப்ளோட்டின் முகவரியை எடுத்து முழு எண் பாயின்டராக மாற்றிப் படிப்பது பழைய வழக்கம். 1999-இல் வந்த குவேக் 3 விளையாட்டின் புகழ்பெற்ற தலைகீழ் வர்க்கமூலக் கணக்கும் அப்படித்தான் எழுதப்பட்டது. இன்று செய்யாதீர்கள். வெவ்வேறு வகைப் பாயின்டர்கள் ஒரே இடத்தைக் காட்டா என்று நம்பித்தான் ஜிசிசி ஓ2 என்ற மேம்படுத்தல் நிலையில் நிரலை மாற்றியமைக்கிறது. அந்த நம்பிக்கையை ஏமாற்றினால் பிழை, சோதனையில் வராமல் வாடிக்கையாளரிடம் போய் வரும். லினக்ஸ் கெர்னல் அந்த நம்பிக்கையை நிறுத்திவைத்தே கம்பைல் செய்யப்படுகிறது. எல்லாராலும் அப்படிச் செய்ய முடியாது.

பைட்டுகளைப் படியெடுக்கும் மெம்காப்பிதான் என் தேர்வு. நான்கு பைட்டை ஃப்ளோட்டிலிருந்து எண்ணுக்குப் படியெடுங்கள். படியெடுக்க நேரம் பிடிக்குமே என்று அஞ்ச வேண்டாம். மேம்படுத்தலை இயக்கினால் கம்பைலர் அதை ஒற்றைக் கட்டளையாகச் சுருக்கிவிடுகிறது. சி, சி++ இரண்டிலும் செல்லும்.

வலைப்பின்னலில் வரும் பைட்டுகளை எண்ணாக்க யூனியனை எடுப்பது மட்டும் எனக்குப் பிடிக்காத பழக்கம். 258 என்ற எண்ணை இன்டெல் கணினியில் எழுதினால் பைட்டுகள் 2, 1, 0, 0 என்று கிடக்கும். வலைப்பின்னல் வரிசையிலோ 0, 0, 1, 2. யூனியன் இந்த வேறுபாட்டை அறியாது. ஒவ்வொரு பைட்டாக எடுத்து 8 பிட் நகர்த்திச் சேர்ப்பது நான்கு வரி கூடுதல்தான், எந்தக் கணினியிலும் ஒரே விடை தரும்.

யூனியனைத்தான் தேர்ந்தீர்கள் என்றால் இரண்டு பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய உறுப்பை எழுதியபின் மீதிப் பைட்டுகளில் என்ன இருக்கும் என்று தரநிலை உறுதி தருவதில்லை. ஆகவே இரண்டு யூனியன்களை மெம்கம்ப் கொண்டு ஒப்பிடாதீர்கள், வகைக்குறியைப் பார்த்து உரிய உறுப்பை ஒப்பிடுங்கள். இரண்டாவது, அடைப்புக்குள் சுழியம் போட்டுத் தொடங்குவது. அது முதல் உறுப்பை மட்டுமே சுழியமாக்கும் என்பதுதான் விதி. ஜிசிசி பல காலம் தாராளமாக முழு யூனியனையும் துடைத்துவந்தது. 2025-இல் வந்த 15-ஆம் பதிப்பில் அந்தத் தாராளம் நின்றுவிட்டது. பெரிய உறுப்பை முதலில் எழுதுங்கள், அல்லது மெம்செட் கொண்டு முழுவதையும் சுழியமாக்குங்கள். சி23 தரநிலையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வெற்று அடைப்பே போதும்.

இனி என் கருவிக்குத் திரும்புகிறேன். 1600 பைட் பதிப்பை ஒரு வாரம் ஓட்டிய பிறகு பதிவுகளை எண்ணிப் பார்த்தேன். எந்த 64 நிகழ்விலும் செய்திகள் எட்டைத் தாண்டவில்லை. அந்த எட்டுக்காக மற்ற ஐம்பத்தாறும் ஆளுக்கு 20 பைட் இடத்தைச் சுமந்துகொண்டிருந்தன. ஒரு பைட் பொத்தான் எண்ணுக்கு 20 பைட் மண்டபம். யூனியன் போட்டதோடு சிக்கனம் முடிந்தது என்று நினைத்தது என் தவறு. உள்ளே இருக்கும் ஒரே ஒரு பருத்த உறுப்பு எல்லாருடைய அளவையும் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

செய்திகளை வெளியே எடுத்து, எட்டு இடங்கள் கொண்ட தனி அணியில் வைத்தேன்: 160 பைட். யூனியனுக்குள் செய்திக்குப் பதிலாக அந்த அணியின் எந்த இடம் என்ற ஒரு பைட் எண். இப்போது யூனியனின் பெரிய உறுப்பு இருப்பிடம், 8 பைட். நிகழ்வுக்கு 13, அறுபத்து நான்குக்கு 832, செய்திகளோடு 992. ஸ்ட்ரக்சராக மட்டும் வைத்து, செய்தியை இதேபோல் வெளியேற்றியிருந்தால் நிகழ்வுக்கு 19 பைட், செய்திகளோடு 1376. அதுவும் சில்லுக்குள் அடங்கியிருக்கும் என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் கவனித்தேன். ஆர்க்டிக் பயணமும் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் யூனியனை விட்டுவைத்தேன். மிச்சமான 384 பைட்டில் இன்னும் 29 நிகழ்வுகள் நிற்கலாம், அதற்கான கோரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. ஒன்பதாவது செய்தி வந்தால் மிகப் பழையதன் இடத்தில் எழுதிக்கொள்கிறது.